காவலாளி இல்லாத வாசல்

சுரங்கத்தில் இறங்குவதற்கு வயதுச் சான்று கேட்ட ஊர் கோலார் தங்கவயல். இன்று அங்கே பிள்ளைகள் கையில் இருக்கும் செல்போன் விளையாட்டுகளுக்கும் வயது எண் உண்டு. அதைச் சரிபார்க்கத்தான் யாரும் இல்லை.

நந்திதுர்க்கில் மாலை வெயில் சாய்கிற நேரம். சுரங்க வாயிலின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரம் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதன் சக்கரம் சுற்றி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஒரு காலத்தில் ஷிஃப்டு முடிந்து வந்தவர்கள் உட்கார்ந்து பீடி பற்றவைத்த திண்ணைகளில் இப்போது பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தலை குனிந்திருக்கிறது, இரண்டு கட்டைவிரல்களும் வேலையில் இருக்கின்றன. நூறு பேர் பாராசூட்டில் ஒரு தீவில் குதிக்கிறார்கள். துப்பாக்கி தேடி, ஒருவரை ஒருவர் சுட்டு, கடைசிவரை உயிரோடு இருப்பவன் ஜெயிக்கிறான். சுடு, பின்னால் வருகிறான், மறைந்துகொள் என்ற கூச்சல் தமிழும் கன்னடமும் கலந்து லைன் வீடுகளின் சந்துகளில் கேட்கிறது.

நந்திதுர்க், சாம்பியன் ரீஃப், மைசூர் மைன்ஸ், ஊர்காம் என்று பெயர்கள் மாறினாலும் கோலார் தங்கவயலின் கதை ஒன்றுதான். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் 1880இல் இங்கே வேலையை ஆரம்பித்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித்துகள், பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்துக்கு இறங்கினார்கள். 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெளியே வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர் அதற்கு இன்னும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் கோல்ட் மைன்ஸ் கதவைச் சாத்தியது.

அந்தச் சுரங்கத்தில் இறங்குவதற்கு ஒரு வயது இருந்தது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி, 18 வயது நிறையாத ஒருவர் பூமிக்குக் கீழே வேலை செய்ய வேண்டுமானால் 16 வயதாவது முடிந்திருக்க வேண்டும். டாக்டரிடம் தகுதிச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும், அதைக் குறிக்கும் டோக்கனை வேலை நேரத்தில் உடன் வைத்திருக்கவும் வேண்டும். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. பயிற்சி பெறுபவர்கள் நீங்கலாக, 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களைச் சுரங்க வேலையில் சேர்க்கவே கூடாது என்றாகிவிட்டது. எந்த நேரத்தில் யார் யார் கீழே இருக்கிறார்கள் என்று காட்டும் பதிவேடு ஒன்றையும் சட்டம் கட்டாயமாக்கியது. எண் இருந்தது. எண்ணைப் பார்க்க ஆளும் இருந்தார்.

பேரன் கையிலிருக்கும் விளையாட்டுக்கும் ஓர் எண் இருக்கிறது. அதைத் தரவிறக்கும் பக்கத்தில், நட்சத்திர மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில், சிறிய எழுத்தில், '12+' என்றோ '16+' என்றோ போட்டிருக்கும். அந்த எண்ணை யார் போட்டார்கள்? எந்தச் சட்டப்படி? மீறினால் யார் கேட்பார்கள்? இந்தக் கேள்விகளுக்கு நந்திதுர்க்கில் மட்டுமல்ல, டெல்லியிலும் நேரான பதில் கிடைப்பது கஷ்டம்.

ஊரின் பெயரில் ஒரு படம்

வன்முறைக்கும் வயதுக்கும் உள்ள உறவு தங்கவயலுக்குப் புதிய விஷயம் அல்ல. இந்த ஊரின் ஆங்கிலப் பெயரின் மூன்று எழுத்துகளை இன்று நாடு முழுவதும் அறிந்திருப்பது தங்கத்தால் அல்ல, சினிமாவால். பிரசாந்த் நீல் இயக்கி யஷ் நடித்த 'கே.ஜி.எஃப்: சாப்டர் 1' 2018 டிசம்பர் 21இல் வந்தது. இரண்டாம் பாகம் 2022 ஏப்ரல் 14இல் வந்தது. சம்மட்டியும் இயந்திரத் துப்பாக்கியும் நிறைந்த இந்த இரண்டு படங்களுக்கும் தணிக்கை வாரியம் கொடுத்தது 'யு/ஏ'. அதாவது பெரியவர்கள் கூட இருந்தால் எந்த வயதுப் பிள்ளையும் பார்க்கலாம்.

முதல் பாகம் வெளியாவதற்கு முன்பே பெங்களூர் நீதிமன்றம் ஒன்றில் வழக்கு வந்தது. தங்கவயலில் முன்பு பேசப்பட்ட ஒரு ரவுடியின் கதை இது என்பது வழக்குப் போட்டவரின் வாதம். இரண்டாம் பாகத்துக்காகச் சயனைடு மண்மேடுகளில் நடந்த படப்பிடிப்பை எதிர்த்து 2019இல் உள்ளூர் நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. சுற்றுச்சூழல் கெடுகிறது என்பது புகார். கதை யாருடையது, மண் யாருடையது என்று கேட்டார்கள். படத்தை எந்த வயதுப் பிள்ளை பார்க்கலாம் என்பது எந்த வழக்கிலும் வரவில்லை.

அந்தக் கேள்வி வேறு ஊரில் எழுந்தது. 2022 மே மாதம் ஹைதராபாதில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் இரண்டு நாட்களில் மூன்று முறை இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு, கதாநாயகனைப் போல ஒரு பாக்கெட் சிகரெட்டை முழுவதுமாகப் புகைத்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அவன் காப்பியடித்தது கொலையை அல்ல, சிகரெட்டை. பிள்ளைகள் எதைக் கற்கிறார்கள் என்பது பெரியவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை.

தங்கவயல்காரர்களுக்கு இதில் இன்னொரு வருத்தமும் உண்டு. இந்த ஊரில் உண்மையாகவே நடந்த வன்முறை எந்தத் திரையிலும் அவ்வளவாக வரவில்லை. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும் விபத்துகளுக்குப் பேர்போன சுரங்கம் இது. பாறைகளை ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம் 1988இல் இங்கே தொடங்கப்பட்டது. கல்தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோயில் மெல்ல மெல்லச் செத்தவர்கள் ஏராளம். 1946 நவம்பரில் வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த வன்முறையில் 'அடுத்த ரவுண்டு' கிடையாது. விளையாட்டில் செத்தவன் அரை நிமிடத்தில் மறுபடியும் விமானத்தில் ஏறிவிடுகிறான்.

சினிமாவுக்கு ஒரு சட்டம்

சினிமாவைப் பொறுத்தவரை இந்தியா வயது பார்ப்பதில் பழக்கப்பட்ட நாடு. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் படங்களை எல்லாருக்குமானவை, வயது வந்தவர்களுக்கு மட்டுமானவை என்று பிரித்தது. குவாஜா அகமது அப்பாஸ் தன் ஆவணப்படம் ஒன்றுக்காகத் தொடுத்த வழக்கில், 1970இல் உச்ச நீதிமன்றம் தணிக்கை செல்லும் என்றது. படங்களை வயதுவாரியாகப் பிரிப்பதையும் ஏற்றது. மற்றக் கலைகளைவிட சினிமா மனத்தைச் சட்டென்று கிளறிவிடும் என்பது நீதிபதிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. 1983இல் 'யு/ஏ' வந்தது. சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டதும் அதே ஆண்டுதான் என்பது தற்செயல்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2023இல், திரைப்படச் சட்டம் மறுபடியும் திருத்தப்பட்டது. 'யு/ஏ' என்ற ஒரே சாக்கில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டிய வழக்கம் போய், 7, 13, 16 என்று மூன்று படிகள் வந்தன. ஓ.டி.டி. தளங்களுக்கு 2021இன் விதிகளே இப்படிப்பட்ட படிகளை வகுத்துவிட்டன. 'ஏ' சான்றிதழ் பெற்ற மலையாளப் படம் 'மார்கோ'வைத் தொலைக்காட்சியில் காட்ட 2025இல் தணிக்கை வாரியம் அனுமதி மறுத்தது. ரத்தம் அளவுக்கு மீறியது என்பதே காரணம்.

புத்தகத்துக்கும் ஒரு சட்டம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. குற்றம், கொடூரம், அருவருப்பு ஆகியவற்றைப் படக்கதையாக்கி இளைஞர்களைக் கெடுக்கும் வெளியீடுகளைத் தடுக்க 1956இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பேய்க்கதை காமிக்ஸ்களுக்கு எதிராகக் கூச்சல் எழுந்திருந்த காலம் அது. அந்தச் சட்டத்தின்படி 20 வயது நிறையாதவர் எல்லாரும் 'இளம் நபர்' தான்.

சினிமாவுக்கு 1952, காமிக்ஸுக்கு 1956. வீடியோ விளையாட்டுக்கு? வன்முறையின் அளவை வைத்து விளையாட்டுகளுக்கு வயதுச் சான்றிதழ் தரும் சட்டபூர்வ வாரியம் எதுவும் இந்தியாவில் உருவாகவில்லை.

தடை என்கிற சம்மட்டி

சான்றிதழ் இல்லாத இடத்தில் தடை வந்தது. 'பப்ஜி மொபைல்' 2018இல் வந்து, ஓராண்டுக்குள் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் பரவியது. 2019 ஜனவரியில் மாணவர்களோடும் பெற்றோர்களோடும் பிரதமர் மோடி கலந்துரையாடியபோது, மகனின் ஆன்லைன் விளையாட்டு மோகத்தைப் பற்றிப் புலம்பிய தாயிடம், 'இது பப்ஜிக்காரனா?' என்ற அர்த்தத்தில் அவர் திருப்பிக் கேட்டதும் அரங்கமே சிரித்தது. இரண்டு மாதம் கழித்துக் குஜராத்தின் ராஜ்கோட்டில் சிரிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. போலீஸ் கமிஷனர் விளையாட்டுக்குத் தடை போட்டார். மீறியதாகப் பத்துப் பேர் கைதானார்கள், அவர்களில் கல்லூரி மாணவர்களும் உண்டு. விளையாட்டை உருவாக்கியவர்கள் மீதோ விற்றவர்கள் மீதோ அல்ல, விளையாடியவர்கள் மீதுதான் வழக்கு.

2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அதில் பப்ஜியும் ஒன்று. நிம்மதிப் பெருமூச்சு விட்ட பெற்றோர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. தடைக்கான காரணம் வன்முறையோ பிள்ளைகளின் நலனோ அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ், நாட்டின் இறையாண்மையையும் பாதுகாப்பையும் காரணம் காட்டித்தான் அந்த ஆணை பிறந்தது. லடாக் எல்லையில் சீனாவோடு மோதல் மூண்டிருந்த நேரம் அது. கால்வானில் எல்லைப் பிரச்சினை எழாதிருந்தால் தங்கவயல் பையன்களின் துப்பாக்கிச் சண்டை தடையின்றித் தொடர்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்தது கண்ணாமூச்சி. தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் 2021 ஜூலையில் அதே விளையாட்டை 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் கொண்டுவந்தது. இந்தியாவுக்காகச் செய்த மாற்றங்கள் சுவாரசியமானவை. ரத்தம் பச்சை நிறமானது. 'கொன்றுவிட்டான்' என்பதற்குப் பதிலாக 'முடித்துவிட்டான்' என்ற பொருள்படும் சொல் வந்தது. 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் விளையாடலாம், பெற்றோரின் போன் எண்ணைத் தர வேண்டும். 2022 ஜூலையில் அதுவும் கடைகளிலிருந்து மறைந்தது. 2023 மே மாதம், மூன்று மாத சோதனை என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தது. இன்னொரு பிரபல விளையாட்டான 'ஃப்ரீ ஃபயர்' 2022 பிப்ரவரியில் தடைப்பட்டது. அதன் அண்ணனான 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்' தடையில்லாமல் நடமாடியது. பெயருக்குப் பின்னால் ஒரு சொல் கூடினால் சட்டம் வழிவிடும் என்று பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள்.

2017இல் 'புளூ வேல்' பீதி வந்தபோதும் இதே பதற்றம்தான். மதுரை உயர் நீதிமன்றக் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மத்திய அரசு இணைய நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை விட்டது. ஆனால் விசாரித்த எந்த மரணத்திலும் அந்த விளையாட்டுக்குத் தொடர்பு இருப்பதை உறுதிப்படுத்த முடியவில்லை என்று 2018 ஜனவரியில் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது.

சட்டம் விளையாட்டுகளைத் தீவிரமாகப் பார்த்த இடம் ஒன்று உண்டு. அது பணம். கர்நாடகம் 2021இல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்ய, 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. தமிழ்நாடு 2022இல் சட்டம் இயற்றி, ஆளுநர் திருப்பியனுப்பிய பிறகு மீண்டும் நிறைவேற்றி, ஓர் ஆணையத்தையும் அமைத்தது. பண விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பூட்டுப் போட்ட அதன் 2025ஆம் ஆண்டு விதிகளை சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகள் அனைத்தையும் தடுக்கிறது. மின்விளையாட்டுப் போட்டிகளையோ ஊக்குவிக்கிறது. பாக்கெட்டிலிருந்து காசு போனால் சட்டம் விழித்துக்கொள்கிறது. திரையில் தலை போனால் அது பெற்றோர் பாடு.

கடைக்காரர் இருந்த காலம்

மற்ற நாடுகள் இந்தக் கேள்வியை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்துவிட்டன. 1993இல் 'மார்ட்டல் காம்பேட்' என்ற சண்டை விளையாட்டு அமெரிக்க வீடுகளுக்கு வந்தது. நிண்டெண்டோ தன் பதிப்பில் ரத்தத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் நிற வியர்வையைத் தெளித்தது. ரகசியக் குறியீட்டைத் தட்டினால் ரத்தம் பாயும் என்றது சேகா. அந்த ஆண்டு டிசம்பரில் செனட்டர் ஜோ லீபர்மன் தலைமையில் விசாரணை நடந்தது. அரசு சட்டம் போடுவதற்குள் தொழில்துறையே முந்திக்கொண்டு 1994இல் தர நிர்ணய வாரியம் ஒன்றை நிறுவியது. ஐரோப்பாவின் பல நாடுகள் 2003இல் பொதுவான முறைக்கு வந்தன. 1997இல் பாதசாரிகளைக் காரால் ஏற்றிக் கொல்லும் 'கார்மகெடான்' விளையாட்டு பிரிட்டனில் தணிக்கைக் கத்தரிக்குத் தப்ப மனிதர்களை எடுத்துவிட்டுப் பச்சை ரத்தம் சிந்தும் பிணங்களைப் போட்டது. பச்சை ரத்தம் இந்தியாவின் கண்டுபிடிப்பு அல்ல.

கலிஃபோர்னியா மாநிலம் 2005இல் ஒரு படி மேலே போனது. வன்முறை விளையாட்டுகளைச் சிறுவர்களுக்கு விற்றால் அபராதம் என்றது. 2011 ஜூன் 27இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. பிள்ளைகளுக்குச் சொல்லும் கிரிம் சகோதரர்களின் கதைகளிலும் ரத்தம் இல்லாமலா இருக்கிறது என்பது தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்காலியாவின் வாதம்.

ஆனால் அமெரிக்க அனுபவத்தில் இந்தியாவுக்குப் பாடமாக இருப்பது நீதிமன்றத் தீர்ப்பல்ல, கடைகளில் நடந்த ஒரு சோதனை. அந்நாட்டின் வர்த்தக ஆணையம் வயது நிரம்பாத பிள்ளைகளைத் தனியாகக் கடைக்கு அனுப்பி, 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான விளையாட்டுகளை வாங்கி வரச் சொன்னது. 2000ஆம் ஆண்டில் நூற்றுக்கு 85 பேர் வெற்றியோடு திரும்பினார்கள். 2011இல் வெளியான அறிக்கையில் அது 13 ஆகக் குறைந்திருந்தது. சட்டம் மாறவில்லை. கடைக்காரர்கள்தான் வயது கேட்கப் பழகியிருந்தார்கள்.

அந்தக் கடைக்காரர் இன்று இல்லை. 2015 முதல் கூகுளின் செயலிக் கடையில் சர்வதேச முறை ஒன்று நடைமுறையில் இருக்கிறது. விளையாட்டை உருவாக்கியவரே ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார். ரத்தம் உண்டா, மனிதர்களைச் சுடுகிறார்களா, கெட்ட வார்த்தை வருகிறதா என்று கேட்கிறார்கள். பதில்களை வைத்து ஒவ்வொரு பகுதிக்கும் ஏற்ற எண்ணைக் கணினி போட்டுவிடுகிறது. எண் வரும் விதம் பெரும்பாலும் நியாயமானதுதான். குறை எங்கே என்றால், பெற்றோர் உள்ளே புகுந்து கட்டுப்பாட்டை முடுக்காதவரை அந்த எண் வெறும் அறிவிப்புப் பலகையாக நிற்கிறது. பிறந்த ஆண்டைக் கேட்டால் பத்து வயதுப் பையன் தாத்தாவின் ஆண்டைத் தட்டுகிறான்.

கண்டிப்பான நாடுகளும் இதே இடத்தில்தான் சறுக்கின. தென்கொரியா 2011இல் 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை விளையாட்டை மூடியது. பெற்றோரின் அடையாள எண்ணைப் பயன்படுத்திப் பிள்ளைகள் நுழைந்தார்கள். பத்தாண்டுக்குப் பிறகு அரசு அந்தச் சட்டத்தைக் கைவிட்டது. சீனா 2021இல் வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் 8 முதல் 9 மணி வரை மட்டுமே என்று சுருக்கியது. அதை நிறைவேற்ற எல்லாரையும் அடையாள அட்டையோடு கட்டிப்போடும் ஓர் அமைப்பு தேவைப்படுகிறது. அந்த விலையைக் கொடுக்க எல்லா நாடுகளும் தயாராக இருக்காது.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

திரையில் சுடும் பையன் தெருவில் சுடுவானா? அமெரிக்க உளவியலாளர் சங்கம் 2015இல் தன் முடிவைச் சொன்னது. வன்முறை விளையாட்டுக்கும் கோபமான பேச்சு, நடத்தை போன்றவற்றுக்கும் ஒரு தொடர்பு தெரிகிறது. ஆனால் கொலை, தாக்குதல் போன்ற உண்மையான வன்முறைக்கு விளையாட்டைக் காரணமாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. 2020இல் இதையே இன்னும் அழுத்திச் சொன்னது. துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாளே விளையாட்டைக் கைகாட்டுவது உண்மையான காரணங்களை மறைத்துவிடும் என்று எச்சரித்தது.

உலக சுகாதார நிறுவனம் கவலைப்பட்டது வேறொன்றைப் பற்றி. 2019இல் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றது. விளையாட்டை நிறுத்த முடியாமல், படிப்பும் தூக்கமும் உறவும் கெட்டு, பொதுவாக ஓராண்டுக்காவது அது நீடிக்கும் நிலை. அதாவது டாக்டர்களின் கவலை பெரும்பாலும் ரத்தத்தின் நிறத்தைப் பற்றியதல்ல, கடிகாரத்தைப் பற்றியது. பச்சை ரத்தம் பெற்றோரைச் சமாதானப்படுத்தும். இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கும் பிள்ளைக்கு ரத்தம் எந்த நிறமானால் என்ன?

வயது எண் அதனால் வீண் என்று அர்த்தமல்ல. ஏழு வயதுக் குழந்தைக்குக் கழுத்தறுக்கும் காட்சியைக் காட்டக் கூடாது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. அந்தக் குழந்தை நாளை கொலைகாரனாகும் என்பதல்ல பயம், இன்று ராத்திரி தூங்காது என்பதுதான். தடை எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கிறது. வயது எண்ணோ, 17 வயதுப் பையனையும் ஏழு வயதுத் தங்கையையும் வேறுபடுத்திப் பார்க்கிறது. அதுதான் அதன் நியாயம்.

ரயில் திரும்பும் நேரம்

ஆனால் வயது எண்ணின் பின்னால் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு எண்ணைப் படிக்கத் தெரியும், படித்ததும் 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு நேரமும் இருக்கிறது என்ற ஊகம். நந்திதுர்க்கில் அந்த ஊகம் தடுமாறுகிறது.

சுரங்கம் மூடிய பிறகு தங்கவயலின் வேலை சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி பெங்களூருக்குப் போய்விட்டது. விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயில்களில் ஆயிரக்கணக்கானவர்கள் போகிறார்கள். கட்டட வேலை, செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி, கார்மெண்ட், ஆபீஸ் என்று பலவித வேலைகள். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வரவும் அவ்வளவு. திரும்பும்போது இருட்டிவிடுகிறது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகளில் பள்ளியிலிருந்து வரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது தாத்தா, பாட்டி. இல்லாவிட்டால் செல்போன்.

அந்த செல்போனை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் பள்ளிக்கூடம்தான். 2020இல் பள்ளிகள் மூடி, ஆன்லைன் வகுப்பு வந்தபோது கடன் வாங்கியாவது ஒரு போன் வாங்க வேண்டியதாயிற்று. கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவை 2018இல் நூற்றுக்கு 36 அல்லது 37தான். 2021இல் அது 67ஐத் தாண்டியதாக 'ஏசர்' ஆய்வு கண்டது. வகுப்பு முடிந்தது, போன் தங்கிவிட்டது. அம்மா ரயிலில் இருக்கும்போது பிள்ளையோடு பேச ஒரே வழியும் அந்த போன்தான். பிடுங்கி வைக்கவும் முடியாது.

அதில் இருக்கும் எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் என்று வளரும் பிள்ளைக்கு அந்த வரி புரிகிறது. அதைத் தடுக்க வேண்டிய பாட்டிக்குப் புரிவதில்லை. பெற்றோரின் ஒப்புதல் கேட்டுப் போனுக்கு எண் வந்தால், அந்த எண் வருவதும் பிள்ளை கையிலிருக்கும் அதே போனுக்குத்தான்.

2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதை மாற்றலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. 18 வயது நிரம்பாதவர்களின் தகவல்களைக் கையாளுவதற்கு, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம். ஆனால் அதுவும் தரவைப் பற்றிய சட்டம். திரையில் என்ன நடக்கிறது என்பது அதன் கவலை அல்ல.

என்ன செய்யலாம் என்பதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. சினிமாவுக்கு வகுத்த 7, 13, 16 என்ற அதே படிகளை விளையாட்டுக்கும் வைத்தால் மக்களுக்கு ஒரே கணக்கு பழகும். எச்சரிக்கை அந்தந்த மொழியில், கொட்டை எழுத்தில், ஏன் இந்த வயது என்ற காரணத்தோடு வரலாம். பிள்ளையின் போன் என்று கடையில் சொல்லி வாங்கினால், கட்டுப்பாடுகளை முடுக்கிக் கொடுப்பதைக் கடைக்காரரின் கடமையாக்கலாம். அமெரிக்காவில் 85ஐ 13 ஆக்கியது கவுண்டரில் நின்ற அந்த மனிதர்தான். பள்ளிகளில் பெற்றோர் கூட்டத்தை ரயில் திரும்பிய பிறகு, அல்லது ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால் தங்கவயல் போன்ற ஊர்களில் கேட்க ஆள் வரும். மாலை ஐந்து முதல் எட்டு வரை பிள்ளைகளுக்கு ஒரு மைதானமும் ஒரு வாத்தியாரும் இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே கரையும். ஆங்கிலேயக் காலத்தில் கிளப்பும் மைதானமும் கட்டிய ஊருக்கு இது புதிய யோசனை அல்ல.

சுரங்கச் சட்டம் கேட்ட அந்தப் பதிவேட்டுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. இறங்கியவர் யார் என்று குறிப்பது ஒன்று. ஷிஃப்டு முடிந்ததும் இறங்கியவர்கள் எல்லாரும் மேலே வந்துவிட்டார்களா என்று பார்ப்பது மற்றொன்று. ஒரு பெயர் குறைந்தாலும் தேட ஆள் கிளம்பும்.

நந்திதுர்க்கில் இருட்டிவிட்டது. ரயிலில் இருந்து இறங்கியவர்கள் லைன் வீடுகளை நோக்கி நடக்கிறார்கள். திண்ணையில் இன்னும் இரண்டு முகங்களில் போன் வெளிச்சம் அடிக்கிறது. அந்தத் தீவில் நூறு பேரில் ஏழு பேர் மிச்சம். வீட்டுக்குள்ளிருந்து ஓர் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். இப்போதைக்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே தணிக்கை வாரியம் அந்தக் குரல்தான். அதுவும் வேலை முடிந்து, ரயில் பிடித்து வந்துசேர வேண்டியிருக்கிறது.